மணத்தில் உப்புப் பார்த்தவர்

அடுத்த வீட்டு அன்ரி, மீனோ இறைச்சியோ, மச்சக் கறியை ஒருநாளும் நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. மூடியைத் திறப்பார், சட்டிக்கு மேலே குனிவார், எழும்புகிற ஆவியைக் கையால் தன் பக்கம் வாரி மூக்கால் உள்ளே இழுப்பார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு உப்புப் போத்தலுக்குள் விரலை விட்டு ஒரு கிள்ளு எடுப்பார். அதிலும் பாதியைத் திரும்பப் போத்தலுக்குள் உதறிவிட்டு, மிச்சத்தைச் சட்டிக்குள் போட்டு, "இப்ப சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

உப்புக்கு மணம் இல்லை என்பது அன்ரிக்கும் தெரியாததல்ல. ஆனால் அந்த மூக்கோடு வாதாட எங்களில் ஒருவருக்கும் வாய் இருக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் அது சரியாகக் கண்டுபிடித்துவிடும். எங்கள் அப்பா உயிரோடு இருந்த காலத்தில் சாராயப் போத்தலைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். அடுத்த வளவில் நின்றபடியே அன்ரி எங்கள் அம்மாவிடம், "உங்கடை கோழி குடிக்கப் பழகியிட்டுது போலை" என்றார். நான் அழுதுவிட்டு முகம் கழுவிப் பவுடர் பூசிக்கொண்டு போனால், "என்ன பிள்ளை, இந்த நேரத்திலை புதுப் பவுடர் மணக்குது, ஆர் என்ன சொன்னவை?" என்று கேட்பார். மழை வருவதை, பால் திரைவதை, அயல்வீட்டுக் காஸ் அடுப்பு ஒழுகுவதை எல்லாம் அந்த மூக்கு முதலில் சொல்லும். அதற்குத் தப்பியது உப்பு மட்டும்தான்.

அன்ரி காலமாகி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அவருடைய முகத்தை நினைக்க முயன்றால் எனக்கு முதலில் வருவது அந்தக் குனிந்த தலையும் மூடிய கண்ணும்தான். பாட்டுக் கேட்கிறவர்கள் அப்படிக் கண்ணை மூடுவார்கள்.

அவர் உடுப்பிட்டியில் சைவச் சாப்பாட்டு வீட்டில் பிறந்தவர். முட்டைகூடக் கண்ணில் காட்டாத குசினி அது. கலியாணம் முடித்து வந்த இடமோ யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறை. கடல் காற்றடிக்கிற வளவு, வெள்ளிக்கிழமையும் விரத நாளும் போக மற்ற நாளெல்லாம் மீன் வேகிற வீடு. மீன் வெட்டவும் நண்டு உடைக்கவும் ஆட்டிறைச்சி பிரட்டவும் பழகிக்கொண்டார். சாப்பிட மட்டும் பழகவில்லை. தன்னுடைய மரக்கறிகளை வாயில் வைத்து உப்புப் பார்ப்பார், அவற்றில் ஒரு குறையும் இருக்காது. மச்சச் சட்டி என்றால்தான் மூக்கு.

வந்த புதிதில் அவர் சமைத்த நண்டுக் கறிக்கு உப்புக் கூடிப்போனதாம். விருந்துக்கு வந்திருந்த ஆட்களுக்கு முன்னால் மாமியார், "மருமகள் கடலையே அள்ளிக்கொண்டு வந்து ஊத்தியிருக்கிறாள்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அன்ரி எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். அன்ரியின் புருசனான அங்கிள் தேடிக்கொண்டு போனபோது, ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த சட்டியை எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். அன்றைக்குச் சுருங்கிய கை பிறகு விரியவே இல்லை. அவர் வைத்த மச்சக் கறிகள் எல்லாமே உப்பில்லாத கறிகள்தான்.

இதை எங்கள் அம்மாவுக்குச் சொன்னது அங்கிள். அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறியவர், கோயில் பரிபாலன சபையில் இருப்பவர், பேச்சைக் காசு போலச் சேர்த்து வைக்கிற மனிதர். கிணற்றடியில் அந்தச் சட்டியைப் பார்த்த நாளில் அவர் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். இனி இந்த வீட்டில் ஒருவரும் உப்பைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. தாயும் செத்துப்போனார், பிள்ளையும் வளர்ந்தான், அந்தச் சட்டம் மட்டும் மாறவில்லை.

எனக்கு அந்தச் சட்டம் தெரியவந்தது முதன்முதலாக அவர்கள் வீட்டில் சாப்பிட்ட நாளில். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் தகர வேலி. அதில் ஒரு தகரத்தின் ஆணியைக் கழற்றி ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு விட்டிருந்தோம். நாங்கள் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்; அவர்கள் சைவம். பொங்கலும் கேக்கும் அந்தப் பொட்டால்தான் போய்வரும். அன்றைக்கு விளைமீன் குழம்பு. ஒரு வாய் வைத்தேன். மீன் நல்ல மீன், புளி நல்ல புளி, தேங்காய்ப்பால் கமகமவென்று மணக்கிறது, ஆனால் வாய்க்குள் ஒன்றுமே இல்லை. அன்ரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "உப்புச் சரியோ பிள்ளை?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மேசைக்குக் கீழே என் காலில் ஒரு உதை விழுந்தது. உதைத்தவன் அன்ரியின் மகன். என்னைவிட இளையவன் என்பதால் நான் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். நான் "சரி அன்ரி" என்றேன்.

உடனே அங்கிள், "இஞ்சரும், ஒரு செம்புத் தண்ணி கொண்டாரும்" என்றார். அன்ரி குசினிக்குள் போனார். அங்கிளின் வேட்டி மடிக்குள்ளிருந்து ஒரு பழைய மருந்துப் போத்தல் வெளியில் வந்தது. அதற்குள் தூள் உப்பு. அங்கிள் தன் தட்டில் தூவினார், தம்பியிடம் கொடுத்தார், தம்பி தூவிவிட்டு எனக்கு நீட்டினான். அன்ரி செம்போடு திரும்பி வரும்போது போத்தல் மடிக்குள் போய்விட்டது, மூன்று பேரும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "இந்த மனுசனுக்குச் சாப்பிடேக்கை தண்ணி வேணும், இல்லாட்டி இறங்காது" என்று அன்ரி பெருமையோடு அலுத்துக்கொண்டார்.

ஒரே பிள்ளை என்பதால் தம்பியை அன்ரி பொத்திப் பொத்தி வளர்த்தார் என்று நினைக்க வேண்டாம். வாயால் வைதுகொண்டு கையால் பரிமாறுகிற தாய் அவர். அவன் படித்து முடித்துக் கொழும்பில் இரண்டு வருசம் வேலை பார்த்தான். அவன் இருந்த அறைக்குக் கீழே ஒரு சீனச் சாப்பாட்டுக்கடை. அங்கே பன்றி இறைச்சி போட்ட ஃபிரைட் ரைஸுக்கு நாக்கைப் பறிகொடுத்துவிட்டு வந்தான். வேலை யாழ்ப்பாணத்துக்கு மாறிய பிறகும் அந்தக் கதைதான். "அக்கா, அந்தச் சோத்திலை ஒரு புகை மணம் இருக்கும். சட்டியை எரியவிட்டுக் கிளறுவாங்கள்" என்பான். அவன் வீட்டில் ஆடு போகும், கோழி போகும், கடலில் உள்ள எல்லாம் போகும். மாடும் பன்றியும் படலைக்குள் வரக்கூடாது. எங்கள் வீட்டில் அந்தச் சிக்கல் இல்லை. ஞாயிறு பூசை முடிந்தால் பன்றி இறைச்சிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குசினியில் அவனே இரும்புத் தாச்சிச் சட்டியைப் பிடித்தான். அலுமாரிக்கு மேலே போனைச் சாய்த்து வைத்து, அதில் ஒருவன் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். எங்கள் அம்மாவுக்குத் தூள் போடாத இறைச்சி என்பதே ஒரு பகிடி. "உது நோயாளிக்கு வைக்கிறதோ?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். தட்டில் போட்டு முதல் வாய் எடுக்கப்போன நேரம், பொட்டடியில் தகரம் சத்தம் போட்டது. குசினி வாசலில் அன்ரி நின்றார்.

"உது என்ன மணம்?"

அன்ரி மூக்கை உயர்த்தி இன்னொருமுறை இழுத்தார்.

"உள்ளி மணக்குது. முட்டை மணக்குது. லீக்ஸ் மணக்குது. மற்றது என்ன?"

தம்பி தட்டைக் கீழே வைத்துவிட்டு, "பண்டி அம்மா" என்றான்.

எங்கள் அம்மா சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்தார். அன்ரி கிட்ட வந்து தட்டுக்கு மேலே குனிந்தார். கையால் ஆவியை வாரி இழுத்தார், கண்ணை மூடினார்.

"ஆர் சமைச்சது?"

"நான்தான்."

"உள்ளியைக் கருக்கிப்போட்டாய். சோறும் குழைஞ்சுபோச்சு. அடுத்தமுறை நான் வாறன்."

அப்படித்தான் அது தொடங்கியது. மாதத்தில் ஒரு ஞாயிறு, சில மாதம் இரண்டு, அன்ரி பொட்டால் வருவார். எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு பழைய சேலை வைத்திருந்தார். அதைக் கட்டிக்கொண்டு சமைப்பார், முடிந்ததும் மாற்றிக்கொண்டு போய்க் கிணற்றடியில் தலை முழுகுவார். பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கிற அங்கிள், "என்ன, இந்த நேரத்திலை முழுக்கு?" என்று கேட்பார். "வெக்கையாக் கிடக்கு" என்பார் அன்ரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடிக்கிற அந்த வெக்கையைப் பற்றி அங்கிள் மேற்கொண்டு ஒன்றும் விசாரித்ததில்லை.

தான் தின்னாத ஒன்றை இத்தனை அக்கறையோடு சமைக்கிற ஆளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. சோற்றை முதல்நாள் பின்னேரமே உதிரியாக வடித்து, சுளகில் பரப்பி ஆறவிட்டு, எங்கள் பிரிட்ஜுக்குள் வைக்கச் சொல்லிவிடுவார். சூட்டுச் சோறு தாச்சியில் விழுந்தால் களியாகிவிடும் என்பது அவருக்கு ஒருவரும் சொல்லித்தராத அறிவு. இறைச்சியை இஞ்சி தட்டிப்போட்டு அவித்து, மெல்லிசாகச் சீவி, அதனுடைய கொழுப்பிலேயே ஓரம் முறுக வதக்கி எடுத்து வைப்பார். கரட், லீக்ஸ், கோவா இலை எல்லாம் தீக்குச்சி அளவில் இருக்கும். தாச்சியை வெறுமையாகக் காயவிட்டுப் பக்கத்தில் நிற்பார். இரும்பிலிருந்து ஒரு மணம் வரவேண்டுமாம். எங்களுக்கு ஒன்றும் மணக்காது. "இப்ப" என்பார், எண்ணெயை விடுவார். உள்ளி, முட்டை, சோறு, மரக்கறி, இறைச்சி என்று ஒன்றன்பின் ஒன்றாக விழும், கை நிற்காது. தம்பி சொன்ன அந்தப் புகை மணம், சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் குசினியில் எழும்பியது. அவன் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

கடைசியில் சோயா சோஸ். முதல்நாள் அந்தப் போத்தலைத் திறந்து முகர்ந்ததும் அன்ரி தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இது உப்புக் கடலெல்லோ" என்றார். பிறகு மருந்து விடுகிறமாதிரிச் சொட்டுச் சொட்டாக விட்டார். உப்பும் அந்த அரைக் கிள்ளுத்தான். சோறு வெள்ளை வெளேரென்று இருந்தது. எங்கள் அம்மா அதற்குக் கன்னியாஸ்திரிச் சோறு என்று பெயர் வைத்தார், அன்ரிக்குக் கேட்காமல்.

"உப்புச் சரியோ?"

"சரி அம்மா. அந்தக் கடைக்காரன் தோத்துப்போனான்" என்பான் தம்பி. அன்ரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, தலை முழுகப் போவார். தகரம் சத்தம் போட்டு அடங்கும்வரை தம்பி பொறுத்திருப்பான். பிறகு சோயா சோஸை எடுத்துத் தட்டின் விளிம்போரமாக ஒரு வட்டம் விடுவான், நடுவில் ஒரு சொட்டு. பிசைந்து சாப்பிடுவான். ஒவ்வொருமுறையும் அதே வட்டம், அதே சொட்டு.

ஒருநாள் எங்கள் அம்மா பொறுக்கமாட்டாமல், "ஏன்டா உந்தப் பாவத்தை ஏமாத்துறாய்? இவ்வளவு பாடுபடுறா. இன்னும் ரெண்டு கிள்ளுப் போடச் சொன்னால் என்ன?" என்று கேட்டார்.

தம்பி பிசைவதை நிறுத்தினான். "சொன்னால் இண்டைக்குப் போட்ட உப்பு மட்டுமோ பிழையாகும்? நான் பிறந்த நாளிலை இருந்து சமைச்சதெல்லாம் பிழையாப் போயிடும். அம்மா பிறகு அடுப்படிக்குப் போகமாட்டா."

எங்கள் அம்மா பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை. எனக்கும் அவன் சொன்னது சரியென்றுதான் பட்டது. இன்றைக்கும் படுகிறது.

அந்த வருசம் மழை முந்திவிட்டது. ஊரெல்லாம் தண்ணீர் தேங்கி, வீட்டுக்கு வீடு காய்ச்சல். கந்தசஷ்டி தொடங்கியிருந்தது. அன்ரி சஷ்டிக்குப் பாலும் பழமும்தான் எடுப்பார், காலையும் மாலையும் கோயிலில் நிற்பார். அந்தமுறை பிடித்த விரதம் தம்பிக்கு ஒரு கலியாணம் சரிவர வேண்டும் என்று. சஷ்டிக்குள் தம்பிக்கு மேல் சுட்டது. பெரிய காய்ச்சலாகத் தெரியவில்லை. அவன் சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தான். நான் பார்க்கப் போயிருந்தேன். அன்ரி கோயிலுக்கு வெளிக்கிட்டு, பூத்தட்டோடு வாசலில் நின்றார்.

"அம்மா, வாய் கைக்குது. ஒண்டும் பிடிக்குதில்லை. உந்த ஃபிரைட் ரைஸ் ஒருக்கால் செய்து தாங்கோவன்" என்றான்.

"சஷ்டிக்குள்ளை என்னைப் பண்டியைத் தொடச் சொல்லுறியே? விசரா உனக்கு? ஆருக்காக விரதம் பிடிக்கிறன்?" என்றார் அன்ரி. இரண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். "சூரன்போர் முடியட்டும். பாறணையோடை விரதம் முடியும், அடுத்தநாள் செய்து தாறன். வடிவாச் செய்து தாறன்."

"சரி சரி, போங்கோ" என்று அவன் சிரித்தான்.

பிறகு காய்ச்சல் இறங்கினமாதிரி இறங்கி, ஆளை அப்படியே போட்டுவிட்டது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். அன்ரி விரதத்தை விடாமல் கட்டில் காலடியில் இருந்தார், வாயில் பச்சைத் தண்ணீரும் இல்லை. சூரன்போர் அன்று விடிய அவன் போய்விட்டான். சவத்தைக் கொண்டுவரும்போது கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை இன்றுவரை எனக்குக் கேட்கப் பிடிக்காது.

செத்தவீட்டில் அன்ரி குழறி அழவில்லை. வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், அவர் கட்டிப்பிடிக்கக் கொடுத்துக்கொண்டு இருந்தார். எல்லாம் முடிந்து ஆட்கள் குறைந்த பிறகு, என்னைக் கூப்பிட்டுக் காதுக்குள், "எட்டுக்குப் பண்டி வாங்க வேணும், பிள்ளை" என்றார்.

எட்டுச் செலவு என்றால், செத்து எட்டாம் நாள் அந்த ஆள் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து இலையில் படைப்பது. சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டும் இருக்கும், குடித்தவருக்குப் போத்தலும் இருக்கும். பிறகு அதை வீட்டுக்காரரும் உறவும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். செய்யும் முறைகளைச் சொல்லிக்கொடுக்க அங்கிளின் தமக்கை வந்து நின்றார். பன்றி இறைச்சி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"எட்டுக்கு ஆடு வைக்கலாம், மீன் வைக்கலாம். பண்டி வைச்ச கதை எங்கையாவது கேட்டிருக்கிறீரோ? கோயில் சபையிலை இருக்கிறவன்ரை வீடு இது."

"அவன் கேட்டவன் மச்சாள்" என்றார் அன்ரி.

"கேட்டால்?"

"உயிரோடை கேட்டவனுக்கு விரதம் எண்டு சொல்லிப்போட்டன். இனி என்னத்தைச் சொல்லுறது?"

எல்லாரும் அங்கிளைப் பார்த்தார்கள். அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்தார். "வீட்டுக்குள்ளை வேண்டாம்" என்றார் கடைசியில். குரல் தண்ணீர்போல மெலிந்திருந்தது.

"சரி. பொட்டடியிலை வைக்கிறன். அவன் அதாலைதானே போய்ச் சாப்பிட்டவன்" என்றார் அன்ரி.

சாவுத் துடக்கு உள்ள வீட்டுக்காரர் இன்னொரு வீட்டு அடுப்படிக்குப் போகக்கூடாது என்பார்கள். எங்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. முதல்நாளே எங்கள் அம்மா சோறு வடித்துச் சுளகில் பரப்பிவிட்டார். கிழமை நாளில் இறைச்சி கிடைக்காமல் பாசையூர்ப் பக்கம் அலைந்து ஒரு வீட்டில் வாங்கிக்கொண்டு வந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு அன்ரி வந்து, அந்தப் பழைய சேலையைக் கட்டிக்கொண்டார். ஒன்றுமே மாறவில்லை. தீக்குச்சி அளவில் கரட். தாச்சி காயும்வரை காத்து நின்றார், "இப்ப" என்றார். ஆவியைக் கையால் வாரி இழுத்தார். அரைக் கிள்ளு உப்பு. சொட்டுச் சொட்டாகச் சோஸ். "உப்புச் சரியோ?" என்று மட்டும் கேட்கவில்லை. படைக்கிறதை முதலில் ஒருவரும் வாயில் வைக்கக்கூடாது.

பொழுதுபட, உள்ளே பெரிய இலை போட்டு ஆட்டிறைச்சி, மீன், முட்டை என்று எல்லாம் படைத்தார்கள். பொட்டடியில் அன்ரி தனியாக ஒரு இலை போட்டார். பக்கத்தில் ஒரு விளக்கு. தட்டிலிருந்து ஃபிரைட் ரைஸை அள்ளி இலையில் வைத்தார், மேலே முறுகின துண்டுகளாகப் பார்த்து அடுக்கினார். எங்கள் பக்கத்தில் நானும் அம்மாவும், அந்தப் பக்கத்தில் அங்கிள், நடுவில் தகரம் விலகிய இடத்தில் அன்ரி. கும்பிட்டார். விளக்கு அசையாமல் எரிந்தது.

உள்ளே படைத்ததைப் பகிரத் தொடங்கினார்கள். பொட்டடிக்கு ஒருவரும் வரவில்லை. தமக்கையார் வாசலில் நின்று, "அதை நாய்க்குப் போட்டிட்டு வாரும்" என்றார்.

"அவன்ரை வீட்டிலை ஒருத்தராவது சாப்பிட வேணும்" என்றார் அன்ரி. யாருக்கும் சொல்வதுபோல இல்லை. இலைக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தார். பிறந்த நாளிலிருந்து முட்டைகூட வாயில் வைக்காத அந்த மனிசி, சோற்றையும் ஒரு துண்டு இறைச்சியையும் சேர்த்து எடுத்து வாயில் வைத்தார்.

ஓங்காளிக்கப்போகிறார் என்று நினைத்து நான் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினேன். அவர் ஓங்காளிக்கவில்லை. மெதுவாக மென்றார். நிறுத்தினார். திரும்பவும் மென்றார். விழுங்கினார்.

"உப்பில்லை" என்றார்.

நான் செம்பைக் கீழே வைத்தேன்.

"பிள்ளை, உப்பில்லை. எந்த நாளும் இப்பிடித்தானோ?"

"தம்பி சொல்ல வேண்டாம் எண்டவன் அன்ரி."

அவர் இன்னொரு வாய் எடுத்துவைத்தார். சரிதானா என்று பார்க்கிறவரைப்போல மென்றார். அவர் முகத்தில் பழைய மீன் குழம்பும் நண்டும் இறைச்சியும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்ததை நான் கண்டேன். அங்கிளை நிமிர்ந்து பார்த்தார்.

"மரக்கறிச் சாப்பாட்டுக்கு நீங்கள் ஒருநாளும் தண்ணி கேட்டதில்லை" என்றார்.

அங்கிள் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கு எப்பவும் தண்ணி விடாய்தான்" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது.

அன்ரி என்னிடம் திரும்பினார். "அப்ப அவன் இதை எப்பிடிச் சாப்பிட்டவன்?"

"நீங்கள் அங்காலை போனாப்போலை சோஸ் விடுவான்."

"எவ்வளவு விடுவான்?"

நான் வீட்டுக்குள் ஓடிப்போய்ப் போத்தலை எடுத்துவந்தேன். "விளிம்பாலை ஒரு வட்டம். நடுவிலை ஒரு சொட்டு" என்று விரலால் காட்டினேன். அன்ரி போத்தலை வாங்கினார். ஒரு வாழ்நாள் முழுக்கச் சுருங்கிக் கிடந்த கை அது. முதலில் ஒன்றும் விழவில்லை. பிறகு சரித்தார். வட்டம் கோணலாக, தேவைக்கு மேலே பெரிதாக வந்தது. நடுவில் ஒரு சொட்டு. வெள்ளைச் சோறு கறுத்தது. விரலால் மெல்லப் பிசைந்தார், சின்னப் பிள்ளைக்குப் பிசைகிறமாதிரி.

"இனி உப்புச் சரியோ, ராசா?" என்று இலையைப் பார்த்துக் கேட்டார்.

சரி என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அப்போதுதான் அன்ரி அழுதார். அந்த அழுகையை நான் எழுதப்போவதில்லை.

அதற்குப் பிறகு பன்றி இறைச்சி சமைக்க அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அந்தப் பழைய சேலை நெடுநாள் எங்கள் கொடியில் கிடந்தது. ஆனால் தம்பி பயந்ததுபோல அடுப்படியை விட்டுவிடவும் இல்லை. முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்து சில நாட்களில், வந்து சாப்பிடச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அன்றைக்கும் மீன் குழம்புதான். குசினி வாசலில் நின்று பார்த்தேன். மூடியைத் திறந்தார், குனிந்தார், ஆவியை வாரி இழுத்தார், கண்ணை மூடினார். ஒரு கிள்ளு எடுத்து, பாதியை உதறினார். கை அதுதானே.

பரிமாறிவிட்டு எங்களோடு இருந்தார். "உப்புச் சரியோ?" என்று கேட்கவில்லை. அங்கிள் ஒரு வாய் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். மடிக்குள் போத்தல் இருந்ததோ தெரியாது, தண்ணீர் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

அன்ரி எழும்பினார். "தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். அங்கே செம்பை ஒருமுறை கழுவினார். பிறகு இன்னொருமுறை கழுவினார். அங்கிளின் கை மடிக்குள் போய் வெளியில் வந்து, போத்தலை மூடி மடியைச் சரிசெய்யும்வரை, உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.